வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிக்கிறவர்களுக்கு: வார இலக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 எழுதியவள். 2018இலும் 2019இலும் கிடைக்கவில்லை. 2022இல் எழுதியதில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் படிக்க வருகிறவர்களோடு இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். அவர்கள் கேட்பதில் முக்கால்வாசி பாடத்தைப் பற்றிய சந்தேகம் இல்லை, நேரத்தைப் பற்றியது. அதனால் அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகத் தேர்வைப் பற்றி இரண்டு வரி. பத்தாம் வகுப்புத் தரம். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

அக்கா, தினமும் இவ்வளவு படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதாதா? வாரக் கணக்கு எதற்கு?

மாணவர்களுக்குப் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள் கணக்கு சரிப்படாது, ஏனென்றால் நாள் நம் கையில் இல்லை. ஒன்றரை ஷிப்ட் என்று காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவோம். ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் தள்ளிப்போகும். "தினமும் 3 மணி நேரம்" என்று எழுதி வைத்தவர் புதன்கிழமை இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு அவர் தோற்றவர் ஆகிறார். வியாழனும் அப்படியே போனால் வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் தொடவே மனம் வராது. நான் 2018 தேர்வுக்குப் படித்த லட்சணம் இதுதான். பிப்ரவரியில் தேர்வு, டிசம்பரிலேயே பாதி மனது விட்டுப்போயிருந்தது.

மாதக் கணக்கு வேறு விதத்தில் ஏமாற்றும். முதல் பதினைந்து நாள் "இன்னும் நாள் இருக்கிறது" என்று போகும், இருபதாம் தேதிக்கு மேல் பயம் பிடிக்கும்.

வாரத்துக்குள் ஒரு மோசமான புதனும் இருக்கும், ஒரு ஞாயிறும் இருக்கும். புதன்கிழமை விட்டதை ஞாயிற்றுக்கிழமை பிடிக்க இடம் உண்டு. அப்புறம், எங்கள் ஊரில் சம்பளமே வாரச் சம்பளம். சனிக்கிழமை இரவு கணக்குப் பார்த்து வாங்கி, அடுத்த வாரத்துக்குப் பிரித்து வைத்துப் பழகிய கை. படிப்பு நேரத்தையும் அதே கையால் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது 2019 தேர்வுக்குப் பிறகுதான்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படித்தால் பாஸ் ஆகலாம்?

இந்தக் கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: என்னிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

முதல் வாரம் இலக்கு எதுவும் வைக்காதீர்கள். எப்போதும் போல இருங்கள், படிக்கிறபோது மட்டும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது வந்தது இது. காலை 5 முதல் 6.15 வரை, ஆறு நாள்: ஏழரை மணி நேரம். இரவு 9.45 முதல் 10.30 வரை, ஆறு நாளும் உட்காருவேன் என்று நினைத்தேன், உட்கார்ந்தது நான்கு நாள்: 3 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, சந்தைக்குப் போய்வந்து மீந்தது 4 மணி நேரம். ஆக மொத்தம் பதினான்கரை. அதற்கு முன் இரண்டு வருடமாக நான் வாரத்துக்கு 30 மணி நேரம் இருப்பதாக நினைத்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் பாதி மீந்ததற்கு என் சோம்பல் காரணம் இல்லை, கணக்குத் தப்பு.

அந்தப் பதினான்கரையையும் முழுதாக ஒதுக்காதீர்கள். நான் 10 மணி நேரத்துக்கு மட்டும்தான் இலக்கு வைத்தேன். வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதில் எல்லோரும் குறைத்துத்தான் சொல்கிறோம். 1979இலேயே கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கே பற்றவில்லை, பாருங்கள். அதனால் மூன்றில் ஒரு பங்கை வெறுமனே விட்டுவையுங்கள். அது வீணாகப் போகாது, ஏதாவது ஒன்று வந்து அதை எடுத்துக்கொள்ளும்.

பேருந்து நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பல்லடத்திலிருந்து நின்றுகொண்டே வருகிறவர் புதிய பாடம் படிக்க முடியாது. ஏற்கெனவே படித்ததை மனதில் ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அது கூடுதல் வரவு.

ஒரு வாரத்துக்கு எத்தனை இலக்கு வைக்கலாம்?

மூன்று. திருப்புதலையும் சேர்த்து நான்கு. அதற்கு மேல் வைத்தவர்கள் எளிதான இரண்டை முடித்துவிட்டு, கஷ்டமானதைத் தள்ளிவிடுவதை நூலகத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இலக்கை எப்படி எழுதுவது? "பாலிட்டி முடிக்கணும்" என்று எழுதினால் ஆகாதா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

"பாலிட்டி (அரசியலமைப்பு, குடிமையியல் பகுதி) முடிக்கணும்" என்பதில் எது பாலிட்டி, எது முடிவு என்று தெரியாது. "பாலிட்டி 3 மணி நேரம்" என்று எழுதினாலும் சிக்கல்தான், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 3 மணி நேரம் உட்கார்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் தங்கையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உங்களைக் கேள்வி கேட்டு, முடிந்ததா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். அப்படி எழுதுங்கள்.

உதாரணத்துக்கு: "பத்தாம் வகுப்புக் குடிமையியல், முதல் பாடம், இந்திய அரசியலமைப்பு. புத்தகத்தை மூடிவிட்டு 40 கேள்வியில் 32 சரி." இதில் எந்தப் புத்தகம், எந்தப் பாடம், எந்த அளவு எல்லாம் இருக்கிறது. முக்கியமான சொல் "மூடிவிட்டு" என்பதுதான். அடிப்படைக் கடமைகள் 51அ பிரிவில் இருக்கின்றன, 1976இல் 42ஆவது திருத்தத்தில் வந்தவை, பதினோராவது கடமை 2002இல் 86ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. இதைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவிட்டு "86ஆவது திருத்தம் எந்த ஆண்டு?" என்று கேட்டால் 1976 என்று வாயில் வரும். தேர்வு அறையில் புத்தகம் மூடித்தான் இருக்கும்.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு தடவை திரும்பவும் படித்தார்கள், அல்லது பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்ததுதான் நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததுதான் அதிகம் நின்றது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது நமக்கு வரும் தைரியம் அந்த ஐந்து நிமிடத் தைரியம். வார இலக்கில் சோதனை இருந்தால் அது சீக்கிரமே வெளிப்பட்டுவிடும்.

கேள்விகளுக்கு எங்கே போவது என்பார்கள். பாடத்தின் பின்னால் இருக்கும் பயிற்சி இருக்கிறது. தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அது போதாவிட்டால் படிக்கும்போதே கேள்விகளை நோட்டின் இடப்பக்கத்திலும் விடையை வலப்பக்கத்திலும் எழுதுங்கள், வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். நான் காசு கொடுத்து டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வு வகுப்பு) எதிலும் சேரவில்லை. சேர முடிந்தவர்கள் சேரலாம், அது இல்லாமல் முடியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

நீங்கள் எழுதிய ஒரு வாரத்தைக் காட்ட முடியுமா?

என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். 10 மணி நேரத்துக்கான வாரம்.

- தமிழ், 4 மணி நேரம்: எட்டாம் வகுப்பு, முதல் இரண்டு இயல். "நூல்வெளி" பகுதிகளும் "சொல்லும் பொருளும்" பகுதிகளும் ஒன்று விடாமல். மூடிவிட்டு 50க்கு 42.
- குடிமையியல், இரண்டரை மணி நேரம்: மேலே சொன்ன பாடம். 40க்கு 32.
- கணக்கு, 2 மணி நேரம்: தனிவட்டி, கூட்டுவட்டி. 30 கணக்கு, கடைசிப் பத்தும் கடிகாரம் வைத்து, ஒன்றுக்கு ஒரு நிமிடம்.
- திருப்புதல், ஒன்றரை மணி நேரம்: போன வாரத் தப்புகள், மூன்று வாரம் முந்தைய பாடத்திலிருந்து 30 கேள்வி.

தமிழுக்கு ஏன் 4 மணி நேரம் என்று கேட்பார்கள். 200இல் 100 கேள்வி அங்கேதான் இருக்கிறது. "தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே" என்று பொது அறிவிலேயே வாரங்களைக் கழிப்பதுதான் முதல் தடவை எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. தமிழில் ஓர் ஆசிரியர் குறிப்பைப் படிக்க ஆகும் நேரம் மூன்று நிமிடம், கேள்வி வந்தால் ஒன்றரை மதிப்பெண். பொருளாதாரத்தில் ஒரு பாடம் முழுக்கப் படித்தாலும் எந்த வரியில் கேட்பார்கள் என்று தெரியாது.

வாரத்தை எந்தக் கிழமை தொடங்குவது?

உங்கள் வேலைக்கு எது பொருந்துகிறதோ அது. சோதனை நாள் உங்களுக்கு ஓய்வு இருக்கிற நாளில் வந்தால் போதும். எனக்கு ஞாயிறு மாலை சோதனை, ஞாயிறு இரவு பத்து நிமிடத்தில் அடுத்த வாரம் எழுதுவது. துணிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு தம்பிக்கு ஞாயிறுதான் அதிக வேலை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவருக்கு வாரம் புதன்கிழமை பிறக்கிறது.

இந்த வாரம் முடிக்காததை அடுத்த வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?

மேலே ஏற்றக் கூடாது. இப்போது 10 மணி நேர இலக்கு, மீதி 4 மணி நேரம். இரண்டையும் சேர்த்து 14 என்று எழுதினால் அதில் 6 மீதி விழும். அதற்கு அடுத்த வாரம் 16. மூன்றே வாரத்தில் நோட்டைத் திறக்கப் பயம் வந்துவிடும். கடனுக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான், வட்டிக் கணக்கு போட்ட நமக்கு இது தெரியாததா?

மீந்ததை அடுத்த வாரத்தில் வைக்க வேண்டுமானால் அதற்குச் சமமான ஒன்றை வெளியே எடுங்கள். இல்லையென்றால் அளவைக் குறையுங்கள். அதுவும் முடியாதென்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, எந்த வாரம் எடுப்பீர்கள் என்று தேதி போட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஏன் மீந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நேரமே கிடைக்கவில்லையா? அப்படியானால் இலக்கில் தவறு இல்லை, அந்த வாரம் அப்படி. நேரம் இருந்தும் பாடம் நினைத்ததைவிடக் கனமாக இருந்ததா? அடுத்த தடவை அந்தப் பாடத்தை இரண்டாக உடையுங்கள். புவியியல் பாடங்கள் எனக்கு எப்போதும் அப்படித்தான், ஒரு பாடம் என்று எழுதினால் அது இரண்டு வாரப் பாடமாக இருக்கும்.

நேரமும் இருந்தது, பாடமும் பெரிதில்லை, ஆனாலும் தொடவில்லை என்றால்தான் நின்று யோசிக்க வேண்டும். எனக்கு அது கணக்கு. எட்டாம் வகுப்பிலிருந்தே பயம். ஐந்து வாரம் தொடர்ந்து கணக்கு மட்டும் மீந்தது, ஐந்து வாரமும் "நேரம் இல்லை" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த ஐந்து வரிகளையும் ஒரே நேரத்தில் பார்த்தபோதுதான் நான் எனக்கே உண்மையைச் சொல்லவில்லை என்று புரிந்தது. தனியாக நினைவில் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. வாரக் கணக்கை எழுதி வைப்பதால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான்.

கணக்குப் பயத்துக்கு என்ன செய்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவதை நிறுத்தினேன். காலை 5 மணிக்கு உட்கார்ந்ததும் முதல் கால் மணி நேரம் கணக்கு, ஐந்தே கணக்கு. ஆறு நாளில் 30. ஒரு வாரம் ஒரே வகை: சதவீதம் என்றால் சதவீதம் மட்டும். அடுத்த வாரம் மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு. அதற்கு அடுத்த வாரம் முந்தைய இரண்டையும் கலந்து. சூத்திரம் இருக்கும் இடத்தில் சூத்திரத்தை நம்பினேன். 5000 ரூபாய்க்கு 4 சதவீதத்தில் 2 ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால், 5000 × 4 × 4 ÷ 10000, அதாவது 8 ரூபாய். இரண்டு வட்டியையும் தனித்தனியே போட்டுக் கழித்தால் இரண்டு நிமிடம் ஆகும், இதில் பத்து நொடி. ஆனால் அந்தச் சூத்திரம் ஏன் வருகிறது என்று ஒரு தடவையாவது நீளமாகப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் 3 ஆண்டு என்று மாற்றிக் கேட்டால் ஏமாற மாட்டீர்கள்.

புதிதாகப் படித்துக்கொண்டே போனால் பழையது மறந்துவிடுகிறதே?

எல்லோருக்கும் மறக்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885இல் எழுதினார்: படித்ததில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே போய்விடுகிறது, அதற்குப் பிறகு போவது மெதுவாகத்தான் போகிறது. இதை வைத்துக்கொண்டு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். இலக்குக்குள்ளேயே மறதிக்கு ஓர் இடம் கொடுங்கள். என் ஒன்றரை மணி நேரத் திருப்புதல் அதற்காகத்தான் இருந்தது. எவ்வளவு நெருக்கடியான வாரத்திலும் மற்ற மூன்றில் ஒன்றை வெட்டுவேன், இதை வெட்ட மாட்டேன்.

தப்பு நோட்டு என்று ஒன்று வைத்திருந்தேன். சோதனையில் தப்பான கேள்வியும் சரியான விடையும் மட்டும் அதில் ஏறும். மூன்று தடவை தொடர்ந்து சரியாகச் சொன்னால் அடித்துவிடுவேன். பேருந்தில் கையில் இருந்தது அந்த நோட்டு மட்டும்தான்.

நோட்டிபிகேஷனே வரவில்லை. எதை நம்பி வார இலக்கு போடுவது?

இந்தக் கேள்வியில் இருக்கும் சலிப்பு எனக்குத் தெரியும். 2019 செப்டம்பர் 1ஆம் தேதி எழுதினேன், அடுத்த குரூப் 4 தேர்வு நடந்தது 2022 ஜூலை 24ஆம் தேதி. நடுவில் கொரோனா வந்தது, கம்பெனிகள் மூடின, திறந்தன. என்னோடு படித்தவர்களில் நிறையப் பேர் அந்த இடைவெளியில்தான் விட்டுவிட்டார்கள்.

தேதிகளைப் பாருங்கள். 2022இல் மார்ச் 30 அறிவிப்பு, ஜூலை 24 தேர்வு: 116 நாள். 2024இல் ஜனவரி 30 அறிவிப்பு, ஜூன் 9 தேர்வு: 131 நாள். 2025இல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு: 78 நாள்தான், அதாவது 11 வாரம். வாரத்துக்கு 10 மணி நேரம் என்றால் 110 மணி நேரம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ், சமூக அறிவியல், அறிவியல், கணக்கு எல்லாவற்றையும் அதற்குள் புதிதாகப் படிக்க முடியாது. அறிவிப்பு வந்த பிறகு தொடங்குகிறவர் திருப்புதலுக்கு மட்டுமே நேரம் உள்ளவர். வேலைக்குப் போகிறவர் முதல் தடவைப் படிப்பை அறிவிப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

அறிவிப்பு வராத காலத்தில் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 10 மணி நேரத்தை 6 ஆக்குங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம். தேர்வாணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கால அட்டவணையில் உத்தேச மாதங்கள் இருக்கும், அதை வருடத் தொடக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைப் பாருங்கள். தினமும் வாட்ஸ்அப்பில் வரும் வதந்திகளைப் பின்தொடராதீர்கள். பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்பதை மட்டும் தேர்வாணையத்தின் தளத்திலேயே சரிபாருங்கள், பழைய பாடத்திட்டத்தை வைத்து மாதக்கணக்கில் படித்தவர்கள் உண்டு.

கல்யாணம், காய்ச்சல், தீபாவளி நேரத்து ஓவர்டைம். அந்த வாரமெல்லாம் என்ன செய்வது?

"சின்ன வாரம்" என்று ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். என்னுடையது 3 மணி நேரம்: தப்பு நோட்டு ஒரு முறை, கணக்கு 15, ஏதாவது ஒரு பழைய வினாத்தாளில் தமிழ் 50 கேள்வி. புதிய பாடம் எதுவும் இல்லை. வீட்டில் முகூர்த்தம் என்று தெரிந்ததும் அந்த வாரத்தின் மேல் "சி.வா." என்று எழுதிவிடுவேன். திட்டமிட்டே குறைத்த வாரம் என்பதால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கல்யாண வீட்டில் இருக்க முடிந்தது.

காய்ச்சல் வந்தால் அந்த 3 மணி நேரமும் வேண்டாம். படுங்கள்.

எனக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார முடிவதே இல்லை.

உங்களைப் போன்றவர்களிடம் "காலை நாலு மணிக்கு எழுந்திரு" என்று சொல்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரவு இரண்டு தடவை எழுந்து பால் கொடுத்தவர் நாலு மணிக்கு எப்படி எழுவார்?

மணி நேரத்தை விட்டுவிட்டு, இருபது நிமிடத் துண்டுகளாக எண்ணுங்கள். வாரத்துக்கு 15 துண்டு என்றால் 5 மணி நேரம். ஒவ்வொரு துண்டுக்கும் என்ன என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் குழந்தை தூங்கிய பிறகு எதைப் படிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் அதிலேயே பத்து நிமிடம் போய்விடும். "நூல்வெளி" நான்கு, ஒரு துண்டு. சதவீதக் கணக்கு எட்டு, ஒரு துண்டு. முடிந்ததும் ஒரு கோடு போடுங்கள்.

அதோடு வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். ஞாயிறு காலை 2 மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடமோ மாமியாரிடமோ நேரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றால் கிடைக்காது, "பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்" என்றால் கிடைக்கும். எங்கள் நூலகத்துக்கு வருகிற ஒரு பெண் சுவரில் மாட்டிய காலண்டரில் அந்த 2 மணி நேரத்தை எழுதியே வைத்துவிட்டார். இப்போது அவருடைய மாமனாரே ஒன்பதே முக்காலுக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

மொபைல் ஆப்பில் எழுதலாமா, நோட்டா?

நோட்டு. செல்போனை எடுத்தால் வேறு எங்கோ போய்விடுவோம்.

டெலிகிராம் குழுவில் சேர்ந்தால் உதவுமா?

பிடிஎஃப் எடுக்க உதவும். பாடப்புத்தகங்களைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்தே இலவசமாக எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் குழுவில் உங்கள் வார இலக்கை யாரும் கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு ஆள் போதும். நானும் ஓவர்லாக் ஓட்டிய ஒரு தோழியும் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டை மாற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்துக் கேள்வி கேட்போம். அவள் கேட்பாள் என்பதற்காகவே வெள்ளி இரவு உட்கார்ந்த நாள்கள் உண்டு.

பயிற்சிக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள், அங்கே வகுப்பு இலவசம்.

கடைசி ஒரு மாதத்தில் வார இலக்கு எப்படி இருக்க வேண்டும்?

புதிய பாடம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு, காலை 9.30 முதல் 12.30 வரை, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், ஓஎம்ஆர் தாளை (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) பிரின்ட் எடுத்துக் கருப்புப் பேனாவால் வட்டம் நிரப்பி. 180 நிமிடத்தில் 200 கேள்வி. வட்டம் நிரப்ப ஆகும் நேரத்தை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அங்கே போய்த்தான் கை நடுங்கும். எந்தக் கேள்வியையும் வெறுமனே விடாமல் பழகுங்கள். விடை தெரியவில்லை என்பதற்கென்று "E" என ஐந்தாவது வட்டம் இருக்கிறது. ஆனால் தவறுக்குக் குறைப்பு இல்லாத தேர்வில் ஊகித்து ஒன்றை நிரப்புவதுதான் லாபம்.

வாரத்தின் மீதி நேரம் முழுக்க அந்தத் தேர்வில் தப்பானவற்றுக்கு.

ஒரு கேள்வியில் கட் ஆஃப் போய்விட்டது. திரும்ப எப்படித் தொடங்குவது?

ஒரு வாரம் எதுவும் எழுதாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். வீட்டில் யாராவது "வேலையைப் பார்த்தோமா, கல்யாணத்தைப் பண்ணினோமா" என்று சொன்னால் அப்போது வாதாட வேண்டாம்.

அப்புறம் ஆன்சர் கீயை எடுத்து, தப்பானவற்றை எண்ணுங்கள். 2019இல் நான் எண்ணியபோது தமிழில் 14, பொது அறிவில் 31, கணக்கில் 13. பொது அறிவு 31 என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது, அதைத்தான் விழுந்து விழுந்து படிக்க வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி சொன்னாள்: 25 கணக்கில் 13 தப்பு என்றால் பாதிக்கு மேல், அதில் எத்தனை எட்டாம் வகுப்புக் கணக்கு என்று பார். பார்த்தேன், ஒன்பது. அன்று இரவு புதிய நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வாரத்தின் முதல் வரியாக எழுதினேன்: "தனிவட்டி. 20 கணக்கு. புத்தகத்தை மூடிவிட்டு."